தில்லிக் குளிரும் பழைய டீசல் டிராக்டரும்

தில்லியின் குளிர்காலம் உலக அளவில் வைத்துப் பார்க்கும்போது கடுமையானது அன்று. சப்தர்ஜங் வானிலை நிலையத்தின் பதிவுகளில் மிகக் குறைந்த வெப்பநிலை 1935 ஜனவரி 16 அன்று அளக்கப்பட்ட -0.6 டிகிரி செல்சியஸ்தான். டிசம்பர் பின்பாதியிலும் ஜனவரியிலும் விடியற்காலை வெப்பம் பெரும்பாலான நாள்களில் 4 முதல் 8 டிகிரிக்குள் நிற்கிறது. போலந்திலும் பவேரியாவிலும் இதே மாதங்களில் உழவர்கள் உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழேயும் டிராக்டரைக் கிளப்பிப் பழகியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் நஜஃப்கட், நரேலா, பவானா, கஞ்ஜாவாலா பகுதிகளின் கிராமங்களில், காலையில் கிளம்ப மறுக்கும் டிராக்டர் என்பது இரண்டு தலைமுறைகளாகத் தொடரும் குளிர்காலச் சிக்கலாக இருந்துவந்திருக்கிறது. ஐரோப்பாவில் வடிவமைக்கப்பட்டு, ஃபரிதாபாத்திலும் சென்னையிலும் உருவாக்கப்பட்டு, வடஇந்தியச் சமவெளியில் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த ஓர் இயந்திரத்தின் வரலாறு இந்தச் சிக்கலுக்குள் அடங்கியிருக்கிறது. இந்த அளவு குளிரில் நலமாக உள்ள டீசல் என்ஜின் எதுவும் நிற்கக் காரணமில்லை. ஆகவே தில்லிக் குளிரில் நின்ற என்ஜின் பெரும்பாலும் கோடையில் மறைந்துகிடந்த ஒரு தேய்மானத்தையே காட்டிக்கொடுக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள டீசல் என்ஜினின் அடிப்படையை நினைவூட்டிக்கொள்வது நல்லது. பெட்ரோல் என்ஜினில் இருப்பதைப்போலத் தீப்பொறி தரும் பிளக் இதில் கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய என்ஜினின் கொள்கை, சிலிண்டருக்குள் காற்றை மட்டும் இழுத்து, அதைப் பிஸ்டனால் மிகவும் இறுக்கி, அந்த இறுக்கத்தில் பிறக்கும் வெப்பத்திலேயே எரிபொருளைப் பற்றவைப்பது என்பதாகும். காற்று தன் கொள்ளளவில் பதினாறு, பதினேழில் ஒரு பங்காகச் சுருங்கும்போது அதன் வெப்பம், என்ஜின் நல்ல நிலையில் வேகமாகச் சுழன்றால், 500 டிகிரியைத் தாண்டுகிறது. டீசல் தானாகப் பற்றிக்கொள்ள இதில் ஏறத்தாழப் பாதி வெப்பமே போதும் என்றாலும், நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் அது பற்றியாக வேண்டியிருப்பதால் மீதி வெப்பமும் தேவைப்படுகிறது. உள்ளே இழுக்கப்படும் காற்று வழக்கத்தைவிட 20 டிகிரி குளிர்ந்திருந்தால், இறுக்கத்தின் முடிவில் அது 50 டிகிரிக்குச் சற்று மேலான இழப்பாகப் பெருகுகிறது. இந்த இழப்பை நல்ல என்ஜின் தாங்கிக்கொள்ளும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து காற்று கசியும் என்ஜினோ, மெதுவாகச் சுழற்றப்படுவதால் இறுகிய காற்று உலோகச் சுவருக்கு வெப்பத்தைப் பறிகொடுக்கும் என்ஜினோ அதைத் தாங்காது. குளிர், கசிவு, மந்தமான சுழற்சி ஆகிய மூன்றில் முதலாவது மட்டுமே வானிலையைச் சார்ந்தது. மற்ற இரண்டும் பராமரிப்பைச் சார்ந்தவை.

டீசல் டிராக்டரின் தொடக்ககால வடிவமைப்பாளர்கள் இந்த வெப்பத்தை வெளியிலிருந்து கடன்வாங்கவே முயன்றனர். 1921இல் ஜெர்மனியில் வந்த லான்ஸ் புல்டாக் டிராக்டரில், சிலிண்டர் தலையில் இருந்த குமிழ் ஒன்றை ஊதுவிளக்கால் சூடேற்றிய பிறகே என்ஜினைச் சுழற்ற முடியும். பிரிட்டனின் ஃபீல்ட் மார்ஷல் டிராக்டரில், வெடியுப்பில் ஊறவைத்த தாள் ஒன்றைக் கனலவிட்டுச் சிலிண்டருக்குள் செருகுவார்கள். அமெரிக்காவின் கேட்டர்பில்லர் பட்டைச்சக்கர டிராக்டர்கள் இன்னும் விரிவான வழியை நாடின: பெரிய டீசல் என்ஜினோடு ஒரு சிறிய இரட்டைச் சிலிண்டர் பெட்ரோல் என்ஜினும் பொருத்தப்பட்டிருந்தது, அது முதலில் ஓடி, தன் குளிர்விப்பு நீராலும் புகைக்குழாயின் சூட்டாலும் பெரிய என்ஜினை வெதுவெதுப்பாக்கிய பிறகே அதைச் சுழற்றிக் கிளப்பும்.

இந்தியாவில் பெரிய அளவில் டீசல் டிராக்டர்களை அரசே இயக்கியது இந்தப் பட்டைச்சக்கர வகையோடுதான் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைகள் விட்டுச்சென்ற உபரி டிராக்டர்களைக் கொண்டு, 1947இல் வேளாண் அமைச்சகத்தின் கீழ் மத்திய டிராக்டர் நிறுவனம் புதுதில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. காஸ் எனப்படும் ஆழவேர்ப் புல் மண்டிக்கிடந்த மத்திய இந்திய நிலங்களை உழுது மீட்பது அதன் முதன்மைப் பணி. 1949 செப்டம்பரில் உலக வங்கி இந்தியாவுக்கு அளித்த இரண்டாவது கடன், ஒரு கோடி டாலர், இந்தப் பணிக்கான வேளாண் இயந்திரங்களுக்கே ஒதுக்கப்பட்டது. இதில் பயின்ற ஓட்டுநர்களும் பழுதுபார்ப்போரும், 1955இல் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் தொடங்கப்பட்ட டிராக்டர் பயிற்சி நிலையத்திலும் 1963இல் ஹிசாரில் வந்த வடமண்டல நிலையத்திலும் பயின்றவர்களும்தான் இந்தியாவின் முதல் டீசல் டிராக்டர் தலைமுறையினர். 1951இல் நாட்டில் ஏறத்தாழ 8,500 டிராக்டர்களே இருந்தன; 1961இல் அந்த எண்ணிக்கை 31,000 அளவுக்கு உயர்ந்தபோதும், பஞ்சாபையும் தில்லிச் சுற்றுப்புறத்தையும் விட்டால் டிராக்டர் ஓர் அரிய காட்சியாகவே இருந்தது.

தில்லிக்கும் டிராக்டருக்கும் இடையிலான உறவு பிரிவினையோடு நெருங்கியது. 1944இல் லாகூரில் தொடங்கிய எஸ்கார்ட்ஸ் நிறுவனம் நாடு பிரிந்த பிறகு தில்லிக்கு இடம்பெயர்ந்து, முதலில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் மோலைன் டிராக்டர்களையும் பின்னர் மாஸே ஃபெர்குசன் டிராக்டர்களையும் விற்றது. 1960களில் போலந்தின் உர்சுஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு ஃபரிதாபாத்தில் சொந்த டிராக்டரைத் தயாரிக்கத் தொடங்கியது. இறக்குமதி டிராக்டர்களை விற்றுப் பழுதுபார்க்கவென்று 1948இல் தில்லியில் உருவான குட்எர்த் நிறுவனத்தின் வழியாக, ஜெர்மனியின் ஐச்சர் டிராக்டர் 1959இல் அதே ஃபரிதாபாத்தில் தயாரிப்புக்கு வந்தது. தெற்கே, 1960இல் சென்னையில் அமைந்த டாஃபே நிறுவனம் செம்பியத்தில் மாஸே ஃபெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்தது. அவற்றுக்கான மூன்று சிலிண்டர் என்ஜினை இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவனத்தின் உரிமத்தோடு சென்னையின் சிம்சன் நிறுவனம் செய்துதந்தது. பின்னாளில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸெட்டர் வடிவமைப்பில் எச்.எம்.டி. டிராக்டர் 1971இல் ஹரியானாவின் பிஞ்சோரிலிருந்து வந்தது. தில்லிக் கிராமம் ஒன்றில் 1980ஆம் ஆண்டு வாக்கில் நின்றிருக்கக்கூடிய நான்கைந்து டிராக்டர்கள், குளிருக்கு நான்கைந்து நாடுகள் கண்ட தனித்தனி விடைகளைத் தங்களுக்குள் கொண்டிருந்தன.

இவற்றுள் ஃபெர்குசனின் கதை தனியே சொல்லப்பட வேண்டியது. 1956இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் வெளிவந்த ஃபெர்குசன் 35 டிராக்டரின் டீசல் வடிவத்தில், ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் என்ஜின் இருந்தது. அது மறைமுகத் தெளிப்பு வகையைச் சேர்ந்தது. அதாவது டீசல் நேராகப் பிஸ்டனின் மேல் தெளிக்கப்படாமல், சிலிண்டர் தலையில் குடையப்பட்ட ஒரு சிறிய அறைக்குள் தெளிக்கப்பட்டு, அங்கிருந்து குறுகிய வழியே எரிந்தபடி வெளிவரும். இந்த அமைப்பு ஓடும்போது மென்மையாக இருக்கும். ஆனால் கிளம்பும்போது, இறுகிய காற்று அந்தச் சிறு அறையின் குளிர்ந்த சுவர்களையும் குறுகிய வாயையும் உரசிச் செல்வதால் தன் வெப்பத்தை வேகமாக இழக்கும். இதனால் இந்த என்ஜின் குளிரில் கிளம்ப அடம்பிடிப்பதாகப் பிரிட்டிஷ் உழவர்களிடையே கெட்ட பெயர் வாங்கியது. 1959இல் மாஸே ஃபெர்குசன் பெர்கின்ஸ் நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் அதே டிராக்டரில் ஸ்டாண்டர்ட் என்ஜின் அகற்றப்பட்டு, டீசலை நேரடியாகப் பிஸ்டன் தலைக்குழியில் தெளிக்கும் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் என்ஜின் வைக்கப்பட்டது. நேரடித் தெளிப்பில் காற்றுக்கும் உலோகத்துக்கும் இடையிலான உரசல் பரப்பு குறைவு, வெப்பம் தங்குகிறது, குளிரில் என்ஜின் எளிதாகக் கிளம்புகிறது. இந்தியாவில் தயாரிப்பு தொடங்கிய நேரம் இந்த மாற்றத்துக்குப் பின் அமைந்தது வடஇந்திய உழவர்களுக்குக் கிடைத்த பெரும் நன்மை என்றே சொல்ல வேண்டும். ஓராண்டு இரண்டாண்டு முந்தியிருந்தால், குளிருக்கு அஞ்சும் ஓர் என்ஜின் இங்கே பல்லாண்டுகள் வேரூன்றியிருக்கக்கூடும்.

பெர்கின்ஸ் என்ஜினோடு வந்த இன்னொரு கருவி தெர்மோஸ்டார்ட். காற்று உள்ளே செல்லும் குழாயில் திருகப்படும் விரல் நீளச் சாதனம் அது. சாவியை ஹீட்டர் நிலைக்குத் திருப்பிப் பதினைந்து இருபது நொடிகள் பிடித்தால், அதனுள் இருக்கும் கம்பிச்சுருள் சிவக்கும். அதன் சூட்டில் வால்வின் உடல் விரிந்து, மேலே உள்ள சிறு கிண்ணத்திலிருந்து சில துளி டீசலை உள்ளே விடும். அந்தத் துளிகள் சுருளில் பட்டு எரிய, என்ஜினைச் சுழற்றும்போது உள்ளே நுழையும் காற்று ஒரு சிறு தழலைக் கடந்து வெதுவெதுப்பாகச் செல்லும். அமைப்பில் எளிமையும் செயலில் நுட்பமும் ஒருங்கே கொண்ட கருவி இது. எனினும் வடஇந்தியாவில் பழைய டிராக்டர்களைத் திறந்து பார்ப்போர் அடிக்கடிக் காண்பது, மின்கம்பி அறுந்தோ கழற்றப்பட்டோ, டீசல் துளைக்குச் செல்லும் மெல்லிய குழாய் அடைத்து மூடப்பட்டோ நிற்கும் தெர்மோஸ்டார்ட்டைத்தான். ஆண்டில் பத்து மாதங்கள் தேவைப்படாத ஒரு கருவி பழுதானபோது அதைச் சரிசெய்ய யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. சென்னையில் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது என்பதால், தமிழ்நாட்டு உழவர்களுக்குச் சாவியில் அப்படி ஒரு நிலை இருப்பதன் பயன் பெரிதாகத் தெரிய வாய்ப்பில்லை. தில்லியில் அது ஆறேழு வாரங்களுக்கு மட்டும் தேவைப்பட்டது, அந்த வாரங்களில்தான் அது வேலை செய்வதில்லை.

ஐச்சரின் விடை முற்றிலும் வேறு. பவேரியாவின் ஃபோர்ஸ்டர்ன் ஊரில் ஐச்சர் சகோதரர்கள் உருவாக்கிய என்ஜின் காற்றால் குளிர்விக்கப்படுவது. அதில் ரேடியேட்டரும் இல்லை, உறைவதற்கு நீரும் இல்லை. இந்தியாவில் பரவலாக விற்ற ஐச்சர் 241 ஒற்றைச் சிலிண்டர் கொண்டது. இத்தகைய என்ஜினைக் கிளப்ப டீகம்ப்ரஷன் லிவர் உதவுகிறது. அதை இழுத்தால் வால்வு சற்றுத் திறந்தபடி நிற்கும். காற்று இறுகாததால் என்ஜினை எளிதாகச் சுழற்றி, கனமான ஃபிளைவீலுக்கு வேகம் ஏற்றிக்கொள்ளலாம். வேகம் ஏறியதும் லிவரை விட்டால் அந்தச் சுழற்சியின் விசை பிஸ்டனை ஒரே வீச்சில் இறுக்கத்தைத் தாண்டித் தள்ளிவிடும். பேட்டரி செத்துப்போன காலையிலும் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்ப முடிந்ததே ஹரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் இந்த வகைக்குக் கிடைத்த நீண்ட ஆதரவின் காரணங்களுள் ஒன்று. ராஜ்கோட்டில் செய்யப்பட்ட ஒற்றைச் சிலிண்டர் பம்புசெட் என்ஜின்களும், அவற்றைக் கட்டைவண்டியில் பொருத்திச் செய்யப்பட்ட ஜுகாட் வண்டிகளும் இதே முறையில்தான் கிளப்பப்பட்டன. இருபதுக்கும் மேற்பட்ட குதிரைத்திறன் உள்ள என்ஜினைக் கையால் சுழற்றுவது ஆபத்து நிறைந்த வேலை. என்ஜின் பின்னோக்கி உதைத்தால் கைப்பிடி மணிக்கட்டை முறித்துவிடும் என்பதால், கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும் என்பது பழகுநர்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம்.

குளிர்காலக் காலையில் டிராக்டர் கட்டாயம் கிளம்பியாக வேண்டும் என்ற நிலை இயற்கையாக வந்ததன்று. பசுமைப் புரட்சி அதை உருவாக்கியது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனும் பூசா வளாகத்து இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்களும், 1964இல் தில்லியின் வடமேற்கு எல்லையில் கஞ்ஜாவாலாவுக்கு அருகேயுள்ள ஜவுந்தி கிராமத்தை, புதிய குட்டைரகக் கோதுமையின் விதைக் கிராமமாகத் தேர்ந்தெடுத்தனர். பழைய நெடுங்கோதுமையை அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் விதைத்துவிட வேண்டும்; புதிய ரகங்களில் சோனாலிகா போன்றவை டிசம்பரில் விதைத்தாலும் நல்ல விளைச்சல் தந்தன. இதனால் நெல்லையோ கரும்பையோ உருளைக்கிழங்கையோ எடுத்த நிலத்தில் உடனடியாக உழுது கோதுமை விதைக்கும் வழக்கம் பரவியது. அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையிலான நாள்கள் சுருங்கின. உழவு, குளிர் ஏறும் மாதத்துக்குள் தள்ளப்பட்டது. 1977இல் ஆஸாத்பூர் மொத்தச் சந்தை அமைந்த பிறகு, காய்கறி ஏற்றிய டிராலிகள் விடியலுக்கு முன்பே அங்கே சேர வேண்டிய தேவையும் வந்தது. மாடு குளிர்ந்த காலையிலும் எழுந்து நிற்கும். டிராக்டர் நிற்குமா ஓடுமா என்பது முதல் நாள் மாலை அதைக் கவனித்ததைப் பொறுத்தது.

மிஸ்திரிகள் என்று அந்தப் பகுதியில் அழைக்கப்படும் பழுதுபார்ப்போரிடம் இக்காலத்தில் உருவான நோயறி முறை, கருவிகள் அதிகம் இல்லாத இடத்தில் கண்ணையும் காதையும் மூக்கையும் நம்பி வளர்ந்தது. முதலில் அவர்கள் கேட்பது சுழற்சியின் ஒலி. செல்ஃப் என்று எல்லோரும் சொல்லும் ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினை நிமிடத்துக்கு நூறு சுற்றுகளுக்குக் குறைவாகச் சுழற்றினால், வேறு எதையும் சோதிப்பதில் பயனில்லை. ஈய-அமில பேட்டரி உறைநிலைக்கு அருகே தன் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. அதே காலையில் என்ஜின் எண்ணெய் தடித்து நிற்பதால் சுழற்றத் தேவைப்படும் விசை கூடுகிறது. வழங்கல் குறைந்து தேவை கூடும் இந்த இரட்டை நெருக்கடியே குளிர்காலப் புகார்களில் பெரும்பகுதிக்கு வேர். பழைய கையேடுகள் கோடைக்கு ஒரு தடிப்பும் குளிர்காலத்துக்கு அதைவிட மெல்லிய தடிப்பும் எனத் தனித்தனி எண்ணெய்களைக் குறித்திருந்தன. ஆண்டு முழுதும் ஒரே நாற்பதாம் தர எண்ணெயை ஊற்றியவர்கள் ஜனவரியில் அதன் விலையைக் கொடுத்தார்கள். குளிரில் அதிகம் தடிக்காமலும் சூட்டில் அதிகம் இளகாமலும் நிற்கும் பன்முகத்தர எண்ணெய்கள் பரவிய பிறகு இந்தத் துன்பம் பெருமளவு குறைந்தது. பேட்டரியிலிருந்து சேசிஸுக்குச் செல்லும் எர்த் கம்பியின் முனையில் படிந்த துருவைச் சுரண்டுவது மட்டுமே தீர்வாக அமைந்த காலைகளும் மிகப் பல.

சுழற்சி நன்றாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் அடுத்துப் பார்ப்பது புகைக்குழாயை. புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டரை அடையவில்லை. கண்ணை எரிக்கும் வெண்புகை வந்தால் டீசல் வருகிறது, பற்றவில்லை. வெப்பம் போதவில்லை என்று பொருள். இந்த ஒரே சோதனை சிக்கலை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. மேற்கொண்டு எந்தப் பக்கம் ஸ்பேனரை நீட்ட வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

புகை இல்லாத பக்கத்தில் முதன்மைக் குற்றவாளி காற்று. டீசல் தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாய், வாஷர், ஃபில்டர் கிண்ணம் ஆகியவற்றில் எங்காவது மயிரிழை அளவு கசிவு இருந்தால், இரவு முழுவதும் டீசல் மெதுவாகத் தொட்டிக்கே திரும்பி, அதன் இடத்தில் காற்று நிரம்பும். அதை வெளியேற்ற ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, ஊட்டுப்பம்பின் கைலிவரை அசைத்து, குமிழிகள் நின்று தெளிந்த டீசல் வரும்வரை காத்திருந்து இறுக்குவார்கள். பிறகு பம்பின் திருகு, அதன்பின் டீசலைத் தெளிக்கும் நாசில்களுக்குச் செல்லும் குழாய்களின் முனைகள் என்று வரிசையாக ஏர் எடுப்பார்கள். இங்கே அனுபவம் மிக்கவர்கள் கேட்கும் ஒரு கேள்வி மிகவும் கூர்மையானது: டிராக்டர் நண்பகல் வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் நின்ற பிறகும் இதேபோல அடம்பிடிக்கிறதா? ஆம் என்றால் குளிர்மேல் பழியில்லை, காற்றுக் கசிவைத் தேட வேண்டும். இதற்கு நேர்மாறான இன்னொரு குறியும் உண்டு. சென்னைப் பாடியின் லூகாஸ்-டிவிஎஸ் ஆலை தயாரித்த சி.ஏ.வி. சுழல்பம்பு போன்றவற்றின் உட்பகுதி தேய்ந்துவிட்டால், காலையில் டீசல் தடித்திருப்பதால் கசிவு குறைந்து என்ஜின் ஓரளவு கிளம்பும். உழுது சூடேறி நின்ற பின், இளகிய டீசல் தேய்ந்த இடைவெளியில் வழிந்துவிடுவதால் மீண்டும் கிளம்பாது. காலையில் மட்டும் நிற்கும் டிராக்டரின் பம்பைக் கழற்றி, கலிபரேஷனுக்கு அனுப்பிப் பெரும் பணம் செலவழித்த உழவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரேனும் சொல்லியிருந்தால் ஒரு பருவத்தின் ஆதாயம் மிஞ்சியிருக்கும்.

வெண்புகைப் பக்கத்தில் விசாரணை இறுக்கத்தை நோக்கிச் செல்கிறது. நாசில் துளியாக ஒழுகுகிறதா பனிபோலத் தெளிக்கிறதா என்பதை நாசில் சோதனைப் பம்பில் மாட்டிப் பார்க்கலாம். அதில் குறையில்லை என்றால் பிஸ்டன் வளையமும் வால்வும் மிஞ்சுகின்றன. காற்றுக்குழாய் வழியே அல்லது நாசில் துளை வழியே சிறிதளவு என்ஜின் எண்ணெயை விட்டுச் சுழற்றும்போது இறுக்கம் கூடி என்ஜின் கிளம்பினால் தேய்ந்தது வளையம், கூடாவிட்டால் வால்வு என்று தீர்மானிப்பார்கள். எண்ணெய் வளையத்தின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும், வால்வின் இருக்கையை அடைக்காது என்பதே காரணம். ஹரியானாவின் மணற்பாங்கான மண்ணில் கோடையில் உழும்போது காற்று ஃபில்டரின் எண்ணெய்க் கிண்ணத்தைக் கவனிக்காமல் விட்டதன் விளைவு அந்த வளையங்களில் படிந்து, டிசம்பர் காலையில்தான் வெளிவருகிறது.

தில்லியில் எரிபொருள் மெழுகாக உறைவது பற்றிய அச்சம் பெரிதாகப் பேசப்பட்டாலும், உண்மையில் அது அரிது. டீசலில் கரைந்துள்ள மெழுகு குளிரில் படிகமாகித் துணி ஃபில்டரை அடைப்பது உறைபனி நாடுகளின் நோய். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 1460 விதி, நவம்பர் முதல் பிப்ரவரி வரை வட இந்தியாவுக்கு வரும் டீசல் 6 டிகிரியிலும் ஃபில்டரை அடைக்காமல் பாய வேண்டும் என்றும், கோடைக் காலத்தில் 18 டிகிரி வரை போதும் என்றும் வகுத்திருக்கிறது. கோடையில் வாங்கித் தகர உருளையில் சேமித்த டீசலைக் குளிர்காலத்தில் ஊற்றியவர்களே இதில் மாட்டிக்கொள்வார்கள். டீசல் எவ்வளவு விரைவாகப் பற்றுகிறது என்பதைக் காட்டும் சீட்டேன் எண்ணுக்கான குறைந்தபட்ச வரம்பு, பழைய தரத்தில் 42ஆக இருந்து, வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் விதிகள் வந்த பின் 48ஆகவும் பிறகு 51ஆகவும் உயர்த்தப்பட்டது. தேய்ந்த பழைய என்ஜின்களுக்கு யாரும் எண்ணிச் செய்யாமலே கிடைத்த உதவி அது.  மெழுகைவிடப் பெரிய தொல்லை நீர்: பாதி காலியான தொட்டியின் சுவரில் மூடுபனி இரவுகளில் ஈரம் வழிந்து டீசலின் அடியில் தேங்குகிறது, மாலையில் தொட்டியை நிரப்பி வைப்பதும், காலையில் ஃபில்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து நீரை வடிப்பதும் அதற்குப் போதும்.

தவறான வைத்தியங்களும் பரவியே இருந்தன. என்ஜின் எண்ணெய்த் தொட்டியின் அடியில் வறட்டியையும் வைக்கோலையும் எரித்துச் சூடேற்றும் வழக்கம் பல டிராக்டர்களின் ரப்பர் குழாய்களையும் மின்கம்பிகளையும், சில வேளைகளில் கொட்டகையையும் தின்றது. காற்றுக்குழாயில் ஈதர் தெளிப்பது இன்னும் கொடியது. மிகக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் ஈதர், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குள் வெடித்து அதை எதிர்த்து அடிக்கிறது. வளையங்களும் அவற்றைத் தாங்கும் விளிம்புகளும் உடைகின்றன. தெர்மோஸ்டார்ட் அல்லது சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் வேலை செய்யும் நிலையில் ஈதரைத் தெளித்தால் காற்றுக்குழாயிலேயே வெடிப்பு நிகழும். ஈதருக்குப் பழகிய என்ஜின் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஈதர் இல்லாமல் கிளம்பாது என்று மிஸ்திரிகள் சொல்வதில் ஆழ்ந்த உண்மை உண்டு: ஒவ்வொரு தெளிப்பும் இறுக்கத்தை மேலும் கெடுக்கிறது. ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றுவது தீங்கற்றது, பயனும் உள்ளது. ஆனால் குளிர்ந்த சிலிண்டர் தலையில் கொதிநீரைக் கொட்டினால் விரிசல் விழும்.

இந்த அறிவு முழுவதும் ஒரே இடத்தில் திரண்டு வெளிப்பட்ட குளிர்காலம் 2020-21. மத்திய அரசின் வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பர் 26 முதல் பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேச உழவர்கள் சிங்கு, டிக்ரி, காஸிப்பூர் எல்லைகளில் டிராக்டர்களோடும் டிராலிகளோடும் தங்கினர். அந்த நவம்பர் தில்லியில் எழுபத்தோராண்டுகளில் மிகக் குளிர்ந்த நவம்பராகப் பதிவானது. 2021 ஜனவரி 1 அன்று சப்தர்ஜங்கில் வெப்பநிலை 1.1 டிகிரிக்கு இறங்கியது. வீட்டுக் கொட்டகையில் ஓரளவு கதகதப்பில் நிற்கும் டிராக்டர்கள் அங்கே வாரக்கணக்கில் திறந்தவெளி நெடுஞ்சாலையில், ஓட்டமும் இல்லாமல், பேட்டரிக்கு மின்னேற்றமும் இல்லாமல் நின்றன. பல டிராக்டர்களின் பேட்டரிகள் டிராலிகளின் விளக்குக்கும் கைபேசிக்கும் மின்சாரம் தந்துகொண்டும் இருந்தன. அவை ஜனவரி 7 அன்று நகரைச் சுற்றியுள்ள விரைவுச்சாலைகளில் பேரணியாகவும், ஜனவரி 26 அன்று குடியரசு நாள் அணிவகுப்பாகவும் கிளம்பியாக வேண்டியிருந்தது. முகாம்களில் கூலி வாங்காமல் பழுதுபார்த்த மெக்கானிக்குகள் இருந்தனர். கிளம்பாத டிராக்டரை இன்னொன்றின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்து, கியரில் போட்டு கிளட்ச்சை விட்டுக் கிளப்புவது அன்றாடக் காட்சியானது. ஓராண்டுப் போராட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட ஏராளமான பக்கங்களில் டிராக்டர் அடையாளச் சின்னமாக வருகிறது. அதை ஓடும் நிலையில் வைத்திருந்த உழைப்பு அந்தப் பக்கங்களில் மிகக் குறைவாகவே இடம்பெற்றது என்பது வருத்தத்துக்குரியது.

பழைய டிராக்டர்கள் தில்லியில் இவ்வளவு காலம் உயிரோடு இருந்ததற்கு நகரின் உதிரிபாகச் சந்தைகளும் காரணம். காஷ்மீரி கேட், மோரி கேட் கடைகளில் டிராக்டர் பாகங்கள் மொத்தமாகக் கிடைக்கின்றன. உற்பத்தி நின்றுபோன மாதிரிகளின் பாகங்களுக்கு மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தை இருந்தது. ஆனால் டிராக்டரைப் பயன்படுத்தும் ஊர்கள் அருகிவிட்டன. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 304ஆக இருந்த தில்லியின் ஊரகக் கிராமங்கள் 2011இல் 112ஆகக் குறைந்தன. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகரச் சுற்றுவட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டு, உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதிசெய்தபோது, டிராக்டர்களுக்கு விலக்கு வேண்டும் என்று ஹரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் உழவர்கள் குரலெழுப்பினர். அந்தக் கோரிக்கைக்கு வலுவான நியாயம் இருந்தது. ஆண்டுக்குச் சில நூறு மணி நேரமே ஓடும் டிராக்டரின் வயதை, நாள்தோறும் ஓடும் வாடகை வண்டியின் வயதோடு ஒரே நாள்காட்டியில் அளக்க முடியாது.

2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்து, அவற்றில் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் உயர் அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் என்ஜின்கள் இடம்பெற்றன. இவற்றில் உணரி ஒன்று என்ஜினின் வெப்பநிலையை அளந்து, குளிருக்கு ஏற்பத் தெளிப்பின் அளவையும் நேரத்தையும் தானே மாற்றிக்கொள்கிறது. கிளம்பாத காலையில் புகையைப் பார்ப்பதற்கு முன் கணினியை இணைத்துப் பிழைக்குறியைப் படிக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் விற்கும் டிராக்டர்களில் பெரும்பாலானவை 50 குதிரைத்திறனுக்கு உட்பட்டவை. அவற்றில் பழைய இயந்திரவகைப் பம்பே தொடர்கிறது. ஆகவே நஜஃப்கட்டிலும் நரேலாவிலும் ஜனவரிக் காலைகளில் எர்த் கம்பியைச் சுரண்டுவதும், ஃபில்டர் திருகைத் தளர்த்தி ஏர் எடுப்பதும், புகையின் நிறத்தைப் பார்ப்பதும் இன்றும் அதே வரிசையில் நடக்கின்றன.